ஆறு வாரக் காத்திருப்பு

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு, வீடு திரும்புவதற்குள் இடது மேற்கையில் பி.சி.ஜி. ஊசி போடப்படுகிறது. மருந்தின் அளவு 0.05 மில்லிலிட்டர். ஒரு சொட்டுதான். தோலைத் தாண்டிப் போகாமல் தோலுக்குள்ளேயே அது இறங்க வேண்டும் என்பதால், செவிலியர் ஊசியைப் படுக்கைவாட்டில் பிடித்து மெல்லச் செலுத்துவார். வெளிறிய சிறு புடைப்பு ஒன்று எழுந்து கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி வரும், அது புண்ணாகும், காயும், தழும்பாகும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வலை இழுப்பவரின் கையிலும் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவரின் கையிலும் அந்தத் தழும்பைப் பார்க்கலாம்.

உலகில் அதிகம் பயன்படும் பி.சி.ஜி. வகைகளில் ஒன்று டேனிஷ் 1331. அந்த வகை மருந்தின் ஒரு சொட்டில் 1 லட்சம் முதல் 4 லட்சம் வரை பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கும். அவை காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவினம். பிறந்து ஒரு நாளோ இரண்டு நாளோ ஆன உடம்புக்குள், டி.பி. கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த லட்சக்கணக்கான உயிரிகளை நாமே அனுப்புகிறோம். கப்பல் தளமும் தொழிற்சாலைகளும் ஒண்டுக் குடித்தனங்களும் நெருக்கியடித்து நிற்கும் வடசென்னையில் காசநோய் பழகிப்போன நோய். குழந்தையை முதலில் தூக்கிக் கொஞ்சும் உறவினரின் இருமலிலேயே அந்தக் கிருமி இருக்கக்கூடும். அதனால்தான் இவ்வளவு அவசரமாக இந்த ஊசி.

அந்த லட்சங்களுக்கு நடுவே வீரியமுள்ள நிஜக் காசநோய்க் கிருமி ஒன்றுகூட ஒளிந்திருக்கவில்லை என்று எப்படித் தெரியும்? இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

*

பி.சி.ஜி.யின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் கேள்வியின் கடுமை புரியும். பிரான்ஸின் லில் நகரத்து பாஸ்டர் நிறுவனத்தில் ஆல்பர்ட் கால்மெட், கமில் கெரன் என்ற இருவர் 1908-இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியை, மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். முதல் உலகப் போரில் லில் நகரம் ஜெர்மானியர் கையில் சிக்கியிருந்தபோதும் வேலை நிற்கவில்லை. 13 ஆண்டுகள், 230 முறை மாற்றம். கடைசியில் அந்தக் கிருமி விலங்குகளுக்கு நோய் தரும் ஆற்றலை இழந்திருந்தது. 1921-இல் பாரிஸில் ஒரு பச்சைக் குழந்தைக்கு முதன்முதலாக அதைக் கொடுத்தார்கள். தாய் காசநோயில் இறந்துவிட்டார், வளர்க்கப்போகும் பாட்டிக்கும் காசநோய். மருந்து வாய்வழியாகத்தான் கொடுக்கப்பட்டது.

கிருமி சாதுவாகிவிட்டது சரி. ஏன் சாதுவானது என்று அன்று யாருக்கும் தெரியாது. மரபணுவின் வேதியியலே கண்டறியப்படாத காலம். காரணம் தெரியாமல் போன வீரியம் காரணம் தெரியாமலே திரும்பி வந்தால் என்ன செய்வது? 1920-களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் பெட்ரோஃப், பி.சி.ஜி. வளர்ப்பிலிருந்து வீரியமுள்ள கிருமிகளைப் பிரித்தெடுத்ததாகவே அறிவித்தார். மற்றவர்களால் அதை உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால் அச்சம் விதைக்கப்பட்டுவிட்டது.

உருப்பெருக்கியும் இங்கே கைகொடுக்காது. காசநோய்க் கிருமிக்கான சாயத்தைப் பூசினால் பி.சி.ஜி.யும் சிவப்புக் குச்சியாகத்தான் தெரியும், கொல்லும் கிருமியும் சிவப்புக் குச்சியாகத்தான் தெரியும். அடையாளம் சொல்லக்கூடியது ஓர் உயிருள்ள உடல் மட்டும்தான்.

*

அந்த உடலிடம் கேட்காமல் விட்டதன் விலையை 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரம் கொடுத்தது. பாரிஸிலிருந்து பி.சி.ஜி. கிருமி முறைப்படிதான் வந்து சேர்ந்தது. நகர மருத்துவமனை ஆய்வகத்தில் அதை வளர்த்துப் பச்சைக் குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். அதே ஆய்வகத்தில், கீல் நகரத்திலிருந்து வந்த வீரியமுள்ள காசநோய்க் கிருமியும் வளர்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஓரிடத்தில் இரண்டும் கலந்துவிட்டன. மருந்து பெற்ற குழந்தைகள் 251 பேர். அவர்களில் 72 பேர் காசநோயில் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் பெரும்பாலோர் நோயைத் தாங்கி மீண்டவர்கள்.

குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த மருந்தை விலங்குகளில் சோதித்துப் பார்க்கவில்லை. பாரிஸிலிருந்து வந்தது பாதுகாப்பானது என்ற நம்பிக்கை போதும் என்று நினைத்துவிட்டார்கள். பாரிஸிலிருந்து வந்தது பாதுகாப்பானதுதான். லூபெக்கில் தயாரானதைப் பற்றி அந்த நம்பிக்கை எதையும் சொல்லவில்லை. மூலக் கிருமி ஒன்று, அதிலிருந்து ஒவ்வொரு முறையும் வளர்த்து எடுக்கும் தொகுதி வேறொன்று. தடுப்பூசி உலகத்தில் ஒவ்வொரு 'பேட்ச்'சும் தனியாகத் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இந்தக் குழந்தைகளின் சாவிலிருந்து வலுப்பெற்றது. பொறுப்பான மருத்துவர்கள்மீது வழக்கு நடந்தது, இருவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1931-இல் ஜெர்மன் அரசு மனிதர்கள்மீதான புதிய சிகிச்சைகளுக்கும் சோதனைகளுக்கும் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது.

*

கேட்க வேண்டிய உடல் கினிப்பன்றியினுடையது. பெயரில்தான் பன்றி, எலியைப் போன்ற கொறிவிலங்கு, பெருச்சாளி அளவு இருக்கும். காசநோய் விஷயத்தில் இதைவிட மென்மையான உடல் ஆய்வகத்தில் இல்லை. 1882-இல் ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியாதான் என்று நிரூபித்தபோது சாட்சியாக நிறுத்தியதில் முக்கியமான விலங்கு இதுதான். அதன்பின் பல பத்தாண்டுகள், சந்தேகமான நோயாளியின் சளியையோ சிறுநீரையோ கினிப்பன்றிக்கு ஏற்றிப் பார்த்து நோயை உறுதிசெய்யும் வழக்கம் இருந்தது. 1950-களில் பால்டிமோர் நகரில் ஆய்வாளர் ரிலேயும் அவருடைய குழுவினரும் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேல்மாடிக்குக் கொண்டுபோய் அங்கிருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். பல விலங்குகளின் நுரையீரலில் ஒரே ஒரு நோய்ப்புள்ளி இருந்தது. ஒரு துளியில் மிதந்து வந்த மிகச் சில கிருமிகளே, ஒருவேளை ஒன்றே ஒன்றே, போதுமானதாக இருந்தது.

பி.சி.ஜி.யின் பாதுகாப்புச் சோதனை இந்த மென்மையை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி, ஒவ்வொரு தொகுதிக்கும் குறைந்தது ஆறு கினிப்பன்றிகள் வேண்டும். எடை 250 முதல் 400 கிராம் வரை. ஆறும் ஒரே பாலினம். முன்பே காசநோய்த் தொற்று இல்லை என்று டியூபர்குலின் சோதனையால் உறுதிசெய்யப்பட்டவை. கிருமியைத் தடுக்கும் எந்த மருந்தும் அவற்றுக்குக் கொடுத்திருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மனிதருக்கான அளவைப்போல் 50 மடங்கு மருந்தை ஏற்றுகிறார்கள். 300 கிராம் விலங்கையும் 3 கிலோ குழந்தையையும் எடைக்கு எடை ஒப்பிட்டால் அது 500 மடங்கு. பிறகு குறைந்தது ஆறு வாரம் காத்திருக்கிறார்கள்.

இந்த ஆறு வாரத்தில் பார்ப்பது என்ன? பி.சி.ஜி. போட்ட இடத்தில் வீக்கம் வரத்தான் செய்யும். பக்கத்து நிணநீர்க் கணுவும் கொஞ்சம் பெருக்கும். குழந்தையின் கையில் வரும் கட்டிக்கு அது சமம், பிறகு அடங்கிவிடும். உள்ளே வீரியக் கிருமி இருந்தால் கதை வேறு. விலங்கு மெலியும். கணுக்களில் பாலாடைக்கட்டி போன்ற சீழ் கோக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் தோன்றிப் பெருகும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது காலம் ஒன்றுதான். ஒன்று அடங்குகிறது, மற்றொன்று வளர்கிறது. ஆகவே எடையை நிறுத்து எழுதிவருகிறார்கள், செத்த விலங்கை உடனே அறுத்துப் பார்க்கிறார்கள், முடிவில் உயிரோடிருப்பவற்றையும் அறுத்துப் பார்க்கிறார்கள். வேறு காரணத்தால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இறந்துவிட்டால் சோதனையை மறுபடி நடத்த வேண்டும். ஒரே ஒரு விலங்கில் வளரும் காசநோய் தெரிந்தாலும் அந்தத் தொகுதி தள்ளப்படும். அதோடு முடியாது: இருப்பிலுள்ள மற்ற தொகுதிகளையும் நிறுத்திவைக்க வேண்டும், உற்பத்தியை நிறுத்த வேண்டும், காரணம் கண்டறிந்து அரசின் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தரும்வரை தொடங்கக் கூடாது.

ஆறு விலங்குகள் என்றால் குறைவாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு விலங்குகளில் தலா 50 அளவு, மொத்தம் 300 குழந்தைகளுக்கான மருந்து. ஒவ்வோர் அளவிலும் குறைந்தது 1 லட்சம் உயிருள்ள கிருமிகள். ஆக 3 கோடிக் கிருமிகளை அந்த ஆறு உடல்களும் சலித்துப் பார்க்கின்றன. அவற்றில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் ஓரிரு வீரியக் கிருமிகளை, ஆறு வாரத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய நோயாக வளர்த்துக் காட்டும் வேறு கருவியை இந்தச் சோதனை உருவான காலத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை.

*

இனி கிண்டிக்கு வருவோம். அங்குள்ள கிங் நிறுவனம் 1899-இல் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்க உருவானது. அந்த வளாகத்தில்தான் 1948-இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் தொடங்கியது. அதே ஆண்டு மதனப்பள்ளியில் இந்தியாவின் முதல் பி.சி.ஜி. ஊசிகள் போடப்பட்டன. பிறகு பல பத்தாண்டுகள் நாட்டின் பி.சி.ஜி. தேவையில் பெரும் பங்கைக் கிண்டியே நிறைவேற்றியது.

எதிர்ப்பும் இங்கிருந்தே வந்தது. சென்னையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் ஏ.வி. ராமன் தொடக்கத்திலேயே குரல் எழுப்பினார். 1955-இல் ராஜாஜி களத்தில் இறங்கினார். முதலமைச்சர் பதவியிலிருந்து விலகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. உயிருள்ள கிருமியை லட்சக்கணக்கான பிள்ளைகளின் உடம்பில் ஏற்றுவதை எதிர்த்து எழுதினார், பேசினார், தனிச் சிறுநூலே வெளியிட்டார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் திட்டத்தை விடாமல் தாங்கிப்பிடித்தார்.

ராஜாஜியின் முடிவை நான் ஏற்கவில்லை. அவர் சொல் கேட்டுத் தடுப்பூசியை நிறுத்தியிருந்தால் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் போயிருப்பார்கள். ஆனால் அவருடைய அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் நியாயமில்லை. ஏனென்றால் அன்றைய மருந்தில் ஒரு பலவீனம் இருந்தது. மருத்துவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அன்றைய பி.சி.ஜி. திரவ மருந்து. குளிரில் வைத்தாலும் இரண்டு வாரத்துக்குமேல் தாங்காது, கிருமிகள் செத்துக்கொண்டே வரும். கினிப்பன்றி பதில் சொல்ல ஆறு வாரம் வேண்டும். ஆகவே சோதனை முடிவு வரும்போது மருந்து எப்போதோ பிள்ளைகளின் கைக்குள் போய்விட்டிருக்கும். விலங்குச் சோதனை நடந்தது, பதிவேட்டிலும் ஏறியது. ஆனால் ஒரு கெட்ட தொகுதியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. நேற்றுவரை இந்தக் கிருமி ஒழுங்காக இருந்தது, இன்றும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஊசி போட்டார்கள். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலித்தது என்பது உண்மை. லூபெக் மறுபடி நடக்கவில்லை. என்றாலும் ஒரு பெற்றோரிடம் 'சோதித்துவிட்டோம்' என்று முழு மனதோடு சொல்லும் நிலை அன்று இல்லை.

அதை மாற்றியது உறைய வைத்து உலர்த்தும் தொழில்நுட்பம். கிருமிகளைச் சோடியம் குளூட்டமேட் போன்ற காப்புப் பொருளோடு சேர்த்து உறைய வைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டால் அவை தூங்கியபடி உயிரோடிருக்கும். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடத் தாங்கும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் வெள்ளைத் தூளில் உப்புநீரைச் சேர்த்துக் கலக்கினால் மருந்து தயார். மருந்து அதிக நாள் கெடாமல் இருக்கிறது என்று மட்டும் இதைச் சொல்வது போதாது. முதன்முறையாக மருந்து காத்திருக்கக் கற்றுக்கொண்டது. கினிப்பன்றியின் பதில் குழந்தையின் கைக்கு முன்னால் வந்து சேர்ந்தது. தடுப்பூசி வரலாற்றில் இந்த மாற்றத்தைவிடப் பெரிதாகப் பேசப்படுபவை பல. பெற்றோரின் இடத்திலிருந்து பார்த்தால் இதற்கு இணையானவை சிலவே.

கூடவே இன்னொரு ஏற்பாடும் வந்தது. லில் நகரத்தில் செய்ததுபோல் கிருமியை முடிவில்லாமல் மாற்றி மாற்றி வளர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மூலக் கிருமியையே உலர்த்தி வைத்துக்கொண்டு, அந்த வித்திலிருந்து குறிப்பிட்ட முறைகளுக்குமேல் மாற்றாமல் ஒவ்வொரு தொகுதியையும் எடுக்கிறார்கள். கிருமி மாறுவதற்கான கால அவகாசத்தையே குறைத்துவிடும் வழி இது. பி.சி.ஜி. தயாராகும் இடத்தில் வேறு நோய்க்கிருமி எதையும் கையாளக் கூடாது, அங்கே வேலை செய்பவருக்குக் காசநோய் இல்லை என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்ற விதிகளையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். லூபெக்கில் என்ன தவறு நடந்ததோ அதற்கு ஒவ்வொரு வரியாக எழுதிய பதில்கள் அவை.

*

கினிப்பன்றிக்கு ஒரு கேள்விதான் தெரியும். அதற்குமேல் அதனிடம் கேட்டால் ஏமாந்துபோவோம்.

மருந்து பலிக்குமா என்று அது சொல்லாது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றி, உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் மருந்தோ வெறும் கரைசலோ பெற்றார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று அது காட்டியபோது உலகமே திகைத்தது. விலங்குகளில் நன்றாகப் பாதுகாப்புத் தந்த மருந்து அது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகையையும் உடலெங்கும் பரவும் வகையையும் அது தடுக்கிறது என்பதால்தான் பிறந்தவுடன் போடுவது இன்றும் தொடர்கிறது.

யாருக்குப் பாதுகாப்பு என்ற கேள்வியும் அதற்கு எட்டாது. நோய் எதிர்ப்பு மண்டலமே உருவாகாமல் பிறக்கும் அரிதான குழந்தைகளின் உடலில் சாதுவான பி.சி.ஜி.யும் பரவி உயிரை வாங்கலாம். ஆரோக்கியமான ஆறு கினிப்பன்றிகளிடம் அதைப் பற்றிய செய்தி இல்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்கு இந்த ஊசி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது, குழந்தைகளைக் கண்காணித்துத் தெரிந்துகொண்ட பாடத்தால்தான்.

ஆய்வகத்தை விட்டு வெளியேறிய பிறகு குப்பிக்கு என்ன நேரும் என்பதும் அதற்குத் தெரியாது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பிளேக் தடுப்பூசி போட்ட 107 பேரில் 19 பேர் வில்வாத ஜன்னியில் இறந்தார்கள். 19 பேருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து வந்தது. பழி மருந்தைத் தயாரித்த ஆய்வகத்தின்மீதும் அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய ஹாஃப்கின்மீதும் விழுந்தது. புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் தரையில் தவறவிட்ட இடுக்கிதான் கிருமியைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்ற வாதம் எடுபட்டு, ஹாஃப்கின்மீதான களங்கம் நீங்க 1907 ஆகிவிட்டது. திறந்த பி.சி.ஜி. குப்பியை நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று ராயபுரத்துச் செவிலியர் கறாராக இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வரலாறு இருக்கிறது. மீதமிருப்பதைக் கீழே கொட்டுவதைப் பார்த்து வீணடிக்கிறார்களே என்று யாரும் வருந்த வேண்டாம்.

2008 ஜனவரியில் கிண்டி ஆய்வகத்தின் உற்பத்தி உரிமம், குன்னூர், கசௌலி தடுப்பூசி நிறுவனங்களின் உரிமங்களோடு சேர்த்து நிறுத்திவைக்கப்பட்டது. கட்டடமும் வசதிகளும் நல்ல உற்பத்தி நடைமுறை விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 2010-இல் அந்த நிறுத்தம் விலக்கப்பட்டது. அறுபதாண்டு அனுபவமுள்ள பொது நிறுவனத்தைச் செப்பனிடாமல் பூட்டியது பெரும் பிழை என்றே நினைக்கிறேன். அதே சமயம் அந்த விதிகளின் தர்க்கம் சரியானது. காற்றோட்டம், கதவுகள், ஆட்களின் நடமாட்டம் ஆகியவற்றில் பாதுகாப்பு இல்லையென்றால், கடைசியில் ஆறு விலங்குகளிடம் போய்க் கேட்பது தாமதமான கேள்வி.

*

விலங்குகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஆறு உயிர்கள் போகின்றன, மருந்து நல்லதாக இருந்தாலும் போகின்றன. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் இதைக் கண்காணிக்கக் குழு இருக்கிறது. 1998 விதிகள் ஆய்வகங்களுக்குப் பதிவையும் நெறிக்குழுவையும் கட்டாயமாக்கின. ஆனால் உண்மையான கேள்வி அனுமதியைப் பற்றியது அல்ல, தேவையைப் பற்றியது.

எல்லா விலங்குச் சோதனைக்கும் ஒரே மதிப்பு கிடையாது. நெடுங்காலமாகத் தடுப்பூசித் தொகுதிகளுக்கு 'இயல்பற்ற நச்சுச் சோதனை' என்ற ஒன்று இருந்தது. ஐந்து சுண்டெலி, இரண்டு கினிப்பன்றி, ஏழு நாள், செத்தால் தோல்வி. எதைத் தேடுகிறோம் என்ற தெளிவே அதில் இல்லை. பல ஆண்டுத் தரவுகளைப் பார்த்தபோது மருந்தின் தரத்தைப் பற்றி அது பயனுள்ள எதையும் சொல்லவில்லை என்று தெரிந்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதைக் கைவிடச் சொன்னது. அதில் இறந்த விலங்குகளால் எந்தக் குழந்தையும் காப்பாற்றப்படவில்லை. இன்னும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

பி.சி.ஜி. சோதனை அப்படிப்பட்டது இல்லை. அது தேடுவது என்னவென்று அதற்குத் தெரியும். ஆனாலும் மாற்று வழி நெருங்கி வருகிறது. 1996-இல் ஆய்வாளர்கள், பி.சி.ஜி.யின் மரபணுத்தொடரில் வீரியக் கிருமியிடம் உள்ள ஒரு பகுதியே காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆர்.டி.1 என்று அதற்குப் பெயர். உலகில் எந்த நாட்டுப் பி.சி.ஜி.யை எடுத்தாலும் அந்தத் துண்டு இல்லை. கால்மெட்டுக்கும் கெரனுக்கும் தெரியாமல் போன காரணத்தில் பெரும் பகுதி அதுதான். தொலைந்த துண்டு தானாக முளைக்காது. ஆகவே, பெட்ரோஃப் கிளப்பிய அச்சத்துக்கும் ராஜாஜியின் அச்சத்துக்கும் நேரடியான விடை அவர்கள் காலத்துக்கு வெகு பின்னால் கிடைத்தது: பி.சி.ஜி. பழைய வீரியத்துக்குத் திரும்ப வழியில்லை. மிச்சமிருப்பது லூபெக்கின் ஆபத்து, அதாவது வெளியிலிருந்து வேற்றுக் கிருமி கலப்பது.

பி.சி.ஆர். சோதனையால் ஒரு தொகுதி பி.சி.ஜி.தானா என்பதைச் சில மணி நேரத்தில் அடையாளம் காட்ட முடிகிறது. கோடிக்கணக்கான பி.சி.ஜி.க்கு நடுவே ஒளிந்திருக்கும் ஓரிரு வேற்றுக் கிருமியைப் பிடிக்க அது போதுமா என்பதுதான் இப்போதைய கேள்வி. பி.சி.ஆர். எடுத்துக்கொள்ளும் மாதிரி மிகச் சிறியது. கினிப்பன்றியோ 50 பேருக்கான மருந்தை முழுசாக வாங்கிக்கொண்டு, அதிலிருக்கும் ஓர் எதிரியைப் பல்லாயிரமாகப் பெருக்கிக் காட்டுகிறது. அந்தப் பெருக்கத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் செய்துகாட்டும் முறை வந்து, இரண்டு முறைகளையும் ஒரே தொகுதிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குடுவை எதையும் தவறவிடவில்லை என்று உறுதியான பிறகு கினிப்பன்றியை விடுவிக்கலாம். அந்த ஒப்பீட்டு ஆய்வுக்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டியது, ஆண்டுதோறும் கோடிக்கணக்கான பச்சைக் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போடும் நம் நாட்டின் கடமை.